இடப்பக்கம் முறுக்கிய நூல்

ஆறு வருடமாக ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கஜா புயல் அடித்த ராத்திரி, வெளியே தென்னை மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்க, என் அம்மா கூடத்துத் தூணில் சாய்ந்தபடி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், விரலால் சுண்டிச் சுற்றுகிற நூற்புக் கம்பியான தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டிருந்தாள் என்பதுதான் கதை. ஆபீஸில் சொல்லியிருக்கிறேன், ரயிலில் பக்கத்து சீட்காரரிடம் சொல்லியிருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடக் காத்திருந்த நேரத்தில்கூட ஒருமுறை சொன்னேன். கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் தலையை ஆட்டினார்கள். "அந்தக் காலத்து மனுஷங்க மாதிரி வருமா சார்" என்பார்கள். சொல்லச் சொல்லக் கதையும் வளர்ந்தது. முதலில் இல்லாத அரிக்கேன் விளக்கு இரண்டாம் வருடம் வந்து சேர்ந்தது. அம்மா முகத்தில் ஒரு புன்னகையும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

இதில் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த ராத்திரி நான் அங்கே இல்லை. இருந்தேன் என்று யாரிடமும் பொய் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. நான் சென்னையில் ஐந்தாவது மாடியில், கையில் போனோடு உட்கார்ந்திருந்தேன். 2018 நவம்பர் 15 இரவு பதினொரு மணி வாக்கில் அம்மாவின் போன் செத்தது. புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது 16-ஆம் தேதி நள்ளிரவுக்கு மேல். எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், கோரையாற்றை ஒட்டி இருக்கிறது. மூன்றாம் நாள்தான் என்னால் ஊருக்குப் போக முடிந்தது. மன்னார்குடி வரை பஸ், அப்புறம் யாரோ ஒருவரின் பைக், கடைசி நான்கு கிலோமீட்டர் நடை. நடை என்றால் ரோட்டில் நடப்பது இல்லை, விழுந்த மரங்களின் மேல் ஏறி இறங்குவது. தோப்புகள் இருந்த இடமெல்லாம் வானமாக இருந்தது. நின்றுகொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தென்னையும் எல்லா மட்டையையும் ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றன, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்து விட்ட மாதிரி.

வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அம்மா கஞ்சி கொடுத்தாள். குடித்துக்கொண்டே பார்த்தபோது ஜன்னல் கட்டையில் தக்ளி இருந்தது, வயிறு பருத்து, நூல் நிறைந்து. "இது எப்பம்மா?" என்றேன். "அன்னிக்கு ராத்திரி நூத்ததுதான்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கஞ்சியைக் குடித்து முடிப்பதற்குள் என் மனசில் மீதிக் கதை முழுசாக ஓடி முடிந்திருந்தது.

பித்தளை வில்லை

தக்ளி எங்கள் வீட்டுக்கு வந்தது அம்மாவைப் பெற்ற தாத்தாவால். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது, அந்தக் கூட்டம் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகத்தான் போனது. தாத்தா அப்போது சிறுவன். பாதையோரம் நின்று பார்த்ததாகவும் அதற்கப்புறம் கதர்தான் என்றும் சொல்வார். அம்மா படித்த பள்ளிக்கூடத்தில் நூற்பு ஒரு பாடமாகவே இருந்தது. ஊரில் அறுபது வயசு தாண்டியவர்கள் பலருக்கு அந்தக் கம்பியைக் கொடுத்தால் விரல் தானாகச் சுண்டும். சாண் நீள இரும்புக் கம்பி, மேல் நுனியில் கொக்கி, கீழே பழைய காலணா பெரிசில் ஒரு பித்தளை வில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துச் சுண்டிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றும். இன்னொரு கை பஞ்சுப் பட்டையை மேலே இழுக்க, இழை இறங்கும், முறுக்கு ஏறும். கை எட்டுகிற வரை இழுத்துவிட்டு, நிறுத்தி, கம்பியில் சுற்றிவிட்டு மறுபடியும் சுண்ட வேண்டும். ராட்டையை வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் ராட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடு மேய்க்கப் போக முடியாது.

பஞ்சு எங்கள் வயலில் விளைந்தது. டெல்டா என்றாலே நெல் என்று நினைப்பவர்கள் வைகாசியில் திருவாரூர்ப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். சம்பா அறுத்த வயலில் தை, மாசியில் பருத்தியை ஊன்றிவிடுவோம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை கட்டியது போக, ஒரு கூடை வீட்டில் தங்கும். பலகையில் பருத்தியை வைத்து மேலே இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை முன்னால் துள்ளி ஓடும். அம்மா அந்தப் பஞ்சைப் பெரும்பாலும் விளக்குத் திரிக்குத்தான் வைத்துக்கொள்வாள். 2018-இல் கார்த்திகை தீபம் நவம்பர் 23. அதனால்தான் கஜா வந்த ராத்திரி பஞ்சுக் கூடை பரணிலிருந்து இறங்கிக் கூடத்தில் இருந்திருக்கிறது.

மனசு அமைதியாகுமாம்

நான் நூற்கக் கற்றுக்கொண்டது ஊரில் இல்லை, சென்னையில். கேவலம்தான், ஒப்புக்கொள்கிறேன். 2023-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பணம் கட்டி, பாய் விரித்த ஒரு ஹாலில் இருபது பேரோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் நல்ல கைக்காரர். ஆனால் வாய் திறந்தால் தியானம், மூச்சு, அமைதி. நூல் என்றால் புத்தகம் என்றும் பொருள் இல்லையா என்று யாரோ ஆரம்பிக்க, அதில் அரை மணி நேரம் போனது. நானும் சும்மா இருக்காமல் என் கஜா கதையை எடுத்துவிட்டேன். ஹால் அப்படியே அமைதியானது. அடுத்த வகுப்புக்கும் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டார் அவர். போய்ச் சொன்னேன், ஒருமுறை இல்லை, மூன்று முறை.

ஆனால் கையில் தக்ளியை வைத்துக்கொண்டபின் கதை என்னைக் கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது. நூற்றால் எனக்கு அமைதி வரவில்லை. முதல் மாதம் முழுக்க எரிச்சல்தான் வந்தது. பஞ்சு இழை ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் வாக்கில்தான் இருக்கும். முறுக்கு போதாவிட்டால் தக்ளி நூலை அறுத்துக்கொண்டு டங்கென்று தரையில் விழும். அதிகமானால் நூல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு புழு மாதிரி சுருளும். இழுக்கும் கையும் சுண்டும் கையும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி வேலை செய்தால்தான் நூல் நூலாக வரும். மேனேஜர் போன் வந்த நாளில் நூற்றதைத் தனியாகக் காட்டவே முடியும்: ஒரு கட்டி, ஒரு மெலிவு, ஒரு கட்டி. இதைக் கவனித்தபின்தான் ஒரு நினைப்பு வந்தது. ஊரில் அந்தத் தக்ளி அப்படியே இருக்கிறதே! மின்சாரம் திரும்பி வர 22 நாள் ஆன அந்த அமளியில் யாரும் அதைத் தொடவில்லை. அப்புறம் அது சாமி அலமாரியில் ஏறிவிட்டது, அதில் என் கதைக்கும் பங்கு உண்டு. பிரித்துப் பார்த்தால் அந்த ராத்திரி அப்படியே அதில் இருக்குமே.

பின்னாலிருந்து பிரிகிற ராத்திரி

2024 நவம்பர் கடைசி வாரத்தில் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பின்னால் ஃபெங்கல் என்று பெயர் வாங்கிக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் கரையேறிய புயல் அப்போது எங்களுக்கு நேராகக் கடலில் நின்றுகொண்டு மழையை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. சம்பாவும் தாளடியும் தண்ணீருக்குள். அப்பா குடையோடு வரப்புக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கரண்ட் இல்லை. அம்மா தூங்கிய மத்தியான நேரத்தில் அலமாரியைத் திறந்து தக்ளியை எடுத்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு அட்டையில் நூலைப் பிரித்துச் சுற்ற ஆரம்பித்தேன். திருடன் மாதிரித்தான்.

தக்ளியிலிருந்து நூலைப் பிரித்தால் கடைசியாக நூற்றது முதலில் வரும். அதாவது விடியற்காலையிலிருந்து பின்னோக்கி முன்னிரவுக்குப் போகிறேன். விடியற்காலை அருமையாக இருந்தது. மெல்லிசாக, ஒரே சீராக, என் முழத்துக்கு நூற்றுநாற்பது முழம். எங்கேயும் கட்டி இல்லை, ஒட்டுப்போட்ட இடம் தேடினால்தான் தெரிந்தது. சென்னையில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கூட இப்படி நூற்றுப் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தாயா, கதை பொய்யில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு முடிச்சு வந்தது. பஞ்சு நூலில் அறுந்தால் முடிச்சுப் போடமாட்டார்கள். அறுந்த நுனியைப் பிரித்துப் பட்டையோடு சேர்த்து முறுக்கினால் அதுவே பிடித்துக்கொள்ளும். இது முடிச்சேதான், பூ கட்டுகிற மாதிரி. அதைத் தாண்டியதும் கையில் இருந்த தக்ளி எதிர்ப்பக்கமாக உருள ஆரம்பித்தது. சுற்றின திசை மாறியிருக்கிறது. நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முறுக்கும் மாறியிருந்தது. வெளியே இருந்தது இடப்பக்கம் சாய்ந்த முறுக்கு, உள்ளே இருந்தது வலப்பக்கம். அதைவிட, உள்ளே இருந்தது நூலே இல்லை. எழுபது முழத்தில் முப்பத்தோரு ஒட்டு எண்ணினேன். ஒரு இடத்தில் சணல் மாதிரித் தடிப்பு, அடுத்த சாணில் மயிரிழை. சில இடங்களில் பஞ்சை இழுக்க மறந்து தக்ளியை மட்டும் சுண்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், முறுக்கேறிக் கம்பி மாதிரி விறைத்துக் கிடந்தது.

அதற்கும் உடனே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டேன். புயல் உச்சத்தில் இருந்தபோது அம்மா பயந்திருக்கிறாள், ஓய்ந்ததும் தேறியிருக்கிறாள். முன்னைவிட நல்ல கதையாக இருந்தது. பயந்து தேறின அம்மா, பயப்படாத அம்மாவைவிட உசத்தி. இதைச் சென்னையில் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். இந்த முடிச்சும் திசையும் மட்டும்தான் இடறின.

அம்மா எழுந்து வந்தாள். அட்டையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டியாம்மா?"

"பயமா? யாரு சொன்னா? பஞ்சு நமுத்துப் போயிருந்துச்சு. நமுத்த பஞ்சு இப்படித்தான் வரும், திரி திரியா."

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஈரம் பருத்தி நூலுக்கு எதிரி இல்லை, நனைந்த பருத்தி நூல் காய்ந்ததைவிட உறுதியாகத்தான் நிற்கும். மில்களில் ஈரக்காற்றைக் காசு கொடுத்து உண்டாக்குகிறார்கள். டாக்கா மஸ்லினுக்கு நூற்ற பெண்கள் காலை ஈரத்தில்தான் நூற்பார்களாம், காற்று உலர்ந்திருந்தால் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொள்வார்களாம். ஆனால் ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் கிடந்த பட்டை வேறு. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழுக்கிப் பிரியாமல் கொத்துக்கொத்தாக வரும். என் கையிலேயே மழை நாளில் பார்த்திருக்கிறேன். ஆகவே கட்டியும் மெலிவும் பயமா, நமுப்பா என்று நூலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"சரி, அப்போ விடியக்காலையில மட்டும் எப்படி இவ்வளவு நல்லா வந்துச்சு?"

அம்மா வெளிச்சுற்று நூலை விரலால் தடவினாள். "இதா? இது நான் நூத்தது இல்லியே. இது அவ நூத்தது. அவளுக்கு எல்லாம் பீச்சாங்கைதானே, அருவாளே அந்தக் கையிலதான் புடிப்பா."

பதினோரு பேர்

அவள் என்று அம்மா சொன்னது கீழத்தெருவிலிருந்து எங்கள் வயலுக்கு நாற்பது வருடமாக நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவரை. அவருக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நானும் என் தங்கையும் சின்ன வயதிலிருந்து அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வளர்ந்தோம். ஊரில் அது யாருக்கும் உறுத்தியதில்லை, எங்களுக்கும்தான். அந்தப் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். மரியாதைக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை.

கஜா ராத்திரி எங்கள் கூடத்தில் பதினோரு பேர் இருந்திருக்கிறார்கள். கீழத்தெருவில் அன்று தளம் போட்ட வீடு ஒன்றுகூடக் கிடையாது. சாயங்காலமே மாட்டுக்கொட்டகையில் வந்து ஒண்டியவர்களை, காற்று வலுத்ததும் அப்பா உள்ளே வரச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர்கள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்பதை நான்தான் கணக்குப் போட்டுக்கொண்டேன், அம்மா சொல்லவில்லை. இத்தனை பேரும் இத்தனை வருடம் என் கதையில் இல்லை. எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். ஆனால் நான் கேட்கவும் இல்லையே. "அன்னிக்கு ராத்திரி நூத்ததுதான்" என்று அம்மா சொன்னபோது, யார் நூற்றது என்று அதில் இல்லை. நம் பேச்சில் அது இல்லாமலே வாக்கியம் நிற்கும். அந்த இடத்தில் அம்மாவை உட்கார வைத்தவன் நான்.

மறுநாள் மழை கொஞ்சம் விட்டிருந்தபோது அட்டையை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனேன். இப்போது அவர் வீட்டுக்கு மூன்று பக்கம் செங்கல் சுவர், மேலே தகரம். வாசலில் சாய்ந்து கிடந்த அவரைப் பந்தலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். "வா தம்பி, எப்ப வந்த?" என்றார். நானும் பெயரைச் சொல்லாமல், வேறு எதையும் சொல்ல வராமல், "இந்தாங்க, இது உங்களோடதாம்" என்று அட்டையை நீட்டினேன். 'ங்க' போட்டதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. எனக்கு நாக்கில் உறைத்தது.

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "அட, இதையா இன்னும் வச்சிருக்கீங்க?" சிரித்தார். ஐந்தாவது வரைக்கும் படித்தபோது பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டாராம். பீச்சாங்கையால் சுண்டுகிறாள் என்று விரலில் அடி விழுமாம், அடித்தவர் பார்க்காத நேரத்தில் அதே கையால் சுண்டுவாராம். அதற்கப்புறம் ஐம்பது வருடம் தக்ளியைக் கையால் தொட்டதில்லை.

"அன்னிக்கு உங்கம்மா கை அப்படியே நடுங்கிச்சு. அறுந்து அறுந்து விழுவுது, பஞ்சைப் பிச்சுப் பிச்சுப் போடுறாங்க. நல்ல பஞ்சு, நான் எடுத்த பஞ்சு. பாத்துக்கிட்டே இருக்க முடியல, குடுங்கம்மான்னு வாங்கிட்டேன்."

"பஞ்சு நமுத்துப் போயிருந்துச்சுன்னு அம்மா சொன்னாங்களே?"

"நமுத்துத்தான் இருந்துச்சு. பட்டையெல்லாம் மடியில கட்டி வச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல சூட்டுல உலந்துட்டு."

ஒரு பதிலில் இரண்டையும் முடித்துவிட்டார். நடுக்கமும் உண்மை, நமுப்பும் உண்மை. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். சென்னை வகுப்புகளின் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்குப் பயமா இல்லியா?" என்றேன்.

"எதுக்கு? கூரை பதினோரு மணிக்கே போயிட்டு. பறந்த சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் என்ன இருக்கு, பயப்பட?" சாதாரணமாகத்தான் சொன்னார். நேற்று பஸ் போய்விட்டது என்கிற மாதிரி.

எனக்குப் பேச ஒன்றும் இல்லை. மழை மறுபடியும் தூற ஆரம்பித்தது. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவின் எழுபது முழம், முடிச்சு, அதற்கு அடியில் தன்னுடைய நூற்றுநாற்பது முழம்.

"இத வச்சு என்ன பண்ணப் போற தம்பி?"

"ஒண்ணும் இல்ல. சும்மாதான்."

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா நூற்றதன் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், பொசுக்கென்று அறுந்தது. அதை ஒதுக்கிவிட்டு, முடிச்சைத் தாண்டி விரலால் துழாவித் தன் நூலில் ஒரு சுற்றைத் தூக்கினார். இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுத்தார், நின்றது. பல்லால் கடித்து நாலைந்து முழம் எடுத்துக்கொண்டு, மீதியை என்னிடம் கொடுத்தார். நூலை மூன்றாக மடித்து, காற்றில் பிய்ந்து தொங்கிய அவரைக் கொடியைப் பந்தல் கழியோடு சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

"அந்தக் கழிய கொஞ்சம் புடி" என்றார். பிடித்துக்கொண்டேன்.